லாரிக்கு உரிமம் வந்துவிட்டது, தொட்டி கட்டுபவருக்கு எப்போது?

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். செப்டிக் டேங்க் வேலையைத் தனியாக ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டிருக்கிறோம். இந்த வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் லைசென்ஸ் ஏதாவது உண்டா? கரண்ட் வேலைக்குக் கேட்பதுபோல இதற்கும் கட்டாயமாக்கினால், தொட்டிக்குள் ஆள் இறங்கிச் சாவதும் கழிவை ஏரியில் கொட்டுவதும் நிற்குமா?

இதில் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. தொட்டியைக் கட்டித் தருவது ஒன்று, நிரம்பிய பிறகு லாரி வைத்து எடுப்பது இன்னொன்று. லாரிக்கு உரிமம் வந்துவிட்டது. கட்டுபவருக்கு இன்றுவரை தனி உரிமம் எதுவும் கிடையாது. நம் ஒழுங்குமுறை பின்வாசலில் காவல் நிற்கிறது, முன்வாசல் திறந்தே கிடக்கிறது என்பது என் கருத்து. ஆள் சாவதா பிழைப்பதா, பக்கத்து வீட்டு போர்வெல் தண்ணீர் கெடுமா கெடாதா என்பதில் பெரும்பகுதி தொட்டியை மூடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நாளில் அங்கே அரசின் கண் இல்லை.

முதலில் லாரி. தொட்டியில் சேரும் மலக்கசடை எடுத்து அகற்றுவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளைத் தமிழ்நாடு 2014இலேயே வெளியிட்டது. ஆனால் அவை நெறிமுறைகள்தான், மீறினால் பிடிக்கச் சட்டத்தில் பல் இல்லை. 2022இல் நகராட்சிச் சட்டங்களும் சென்னைக் குடிநீர் வாரியச் சட்டமும் திருத்தப்பட்டன. இப்போது கழிவுநீர் அகற்றும் வாகனம் ஒவ்வொன்றும் உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். கட்டணம் 2,000 ரூபாய், 2 ஆண்டுக்குச் செல்லும். குறிப்பிட்ட இடம் தவிர வேறெங்கும் கொட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய், அடுத்த தடவை 50,000 ரூபாய் அபராதம். அதற்கு மேலும் தொடர்ந்தால் உரிமம் போகும், வண்டியும் போகலாம். இது நல்ல சட்டம். அதன் குறைகளைப் பிறகு சொல்கிறேன்.

தொட்டி கட்டுபவர் விஷயம் வேறு. கரண்ட் வேலையோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. வயரிங் மோசமாக இருந்தால் ஷாக் அடிப்பது வீட்டுக்காரருக்கு. அதனால் நல்ல எலெக்ட்ரீஷியனை அவரே தேடிப் போவார். செப்டிக் டேங்க் மோசமாக இருந்தால் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்! அடியில் காங்கிரீட் போடாமல், பக்கச் சுவரில் இடுக்கு விட்டுக் கட்டிய தொட்டியில் நீர் முழுக்க மண்ணுக்குள் இறங்கிவிடும். தொட்டி நிரம்பாது. "கட்டிப் பதினைந்து வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட லாரி கூப்பிடல" என்று அந்த வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். அந்த மேஸ்திரிக்கு அதே தெருவில் இன்னும் நாலு வேலை கிடைக்கும். அவர் கட்டியது செப்டிக் டேங்க்கே அல்ல, மலத்தை நிலத்தடி நீரில் கலக்கும் குழி. விலை கொடுப்பவர் நான்கு வீடு தள்ளி போர் தண்ணீர் குடிப்பவர். யாரால் வயிற்றுப்போக்கு வந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

சந்தை சரிசெய்துகொள்ளும், கெட்ட கான்ட்ராக்டருக்குத் தானாக வேலை போய்விடும் என்கிற வாதம் இந்தத் தொழிலுக்குப் பொருந்தாததற்கு இதுதான் காரணம். இங்கே சந்தை கெட்ட வேலைக்குத்தான் பரிசு கொடுக்கிறது. ஒழுங்காகக் கட்டுபவரின் தொட்டி இரண்டு மூன்று வருஷத்தில் லாரியைக் கேட்கும். கேட்டால் வீட்டுக்காரர் அவரைத்தான் திட்டுவார்.

"பெரிசா கட்டிடுங்க, ஆயுசுக்கும் தொட வேண்டாம்" என்பது அடுத்த ஆசை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 2470 சொல்லும் அளவைப் பார்த்தால் பலருக்கு நம்பிக்கை வராது. நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், நீர் நிற்கும் ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர். 1,100, 1,200 லிட்டர்தான் வரும். ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுப்போம் என்ற கணக்கில் வைத்த அளவு அது. நம் ஊரில் சாதாரணமாகத் தோண்டுவது எட்டடிக்கு ஆறடி, ஆழம் ஏழடி. 9,500 லிட்டர், அதாவது தேவையைப்போல எட்டு மடங்கு. வசதியுள்ளவர்கள் இன்னும் பெரிதாகக் கட்டுகிறார்கள்.

பெரிதாக இருந்தால் என்ன கெடுதல் என்று தோன்றும். கசடு பத்துப் பதினைந்து வருஷம் அடியில் கிடந்து இறுகிவிடும். லாரியின் குழாய் மேலே இருக்கிற தண்ணீரை இழுக்கும், அடியில் களிமண் மாதிரி உட்கார்ந்ததை இழுக்காது. தண்ணீர் அடித்துக் கலக்கி எடுக்க நேரம் ஆகும். அப்போதுதான் யாராவது ஒருவர் "இறங்கி வாரிடலாம்" என்கிறார். மூடி வைக்காமல் மேலே முழுக்க ஸ்லாப் போட்டு டைல்ஸ் ஒட்டிய தொட்டி என்றால் இன்னும் மோசம். ஒரு ஓரத்தை உடைத்து ஓட்டை போடுவார்கள், அந்த ஓட்டை ஒரு ஆள் நுழையும் அளவுக்கே இருக்கும். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது, "நாத்தம் இல்ல, இறங்கலாம்" என்ற முடிவுக்கு அது கொண்டுபோகும். முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்றப் போகிறவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் இறந்ததாகச் செய்தி வருவது இதனால்தான்.

இறங்குபவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குக் கூப்பிடப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர், அவர்களிலும் அருந்ததியர் அதிகம். தொட்டியைத் தப்பாகக் கட்டியவரின் பெயர் ஒரு எஃப்.ஐ.ஆரிலும் வராது. இது எனக்குப் பொறுக்காத விஷயம்.

கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடை விதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, செப்டிக் டேங்க்கில் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதை யார் செய்தாலும் குற்றம் என்கிறது. நேரடியாக வேலைக்கு வைத்தாலும் சரி, இன்னொருவர் மூலம் வைத்தாலும் சரி. அதாவது வீட்டுக்காரரும் தப்ப முடியாது. முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை, 5 லட்சம் வரை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் கடுமையானதுதான். ஆனால் அது விழித்துக்கொள்வது பெரும்பாலும் பிணம் மேலே வந்த பிறகு.

சரி, தொட்டியைக் கட்டும்போது யாருமே பார்ப்பதில்லையா? ஏட்டில் பார்க்க வேண்டும். வீட்டு வரைபடத்தில் செப்டிக் டேங்க் ஒரு சின்னச் செவ்வகமாக இருக்கும், அனுமதியும் கிடைக்கும். நிலத்தில் என்ன தோண்டினார்கள் என்பது வேறு. கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றிதழ் என்று ஒரு கட்டம் உண்டு. ஆனால் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சிறிய குடியிருப்புகளுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தன. அந்த விலக்கு பிறகு இன்னும் அகலமானது. 2024 ஜூலையில் சுயசான்றிதழ் முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவதற்கு இணையத்திலேயே உடனே அனுமதி. மக்களை அலைய விடாத ஏற்பாடு என்ற அளவில் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் செப்டிக் டேங்க்கை நம்பியிருக்கும் வீடுகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் வருகின்றன. அவற்றின் தொட்டியை மூடுவதற்கு முன் அரசு சார்பில் ஒருவர் எட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமலே போயிற்று.

உரிமம் கொடுத்துவிட்டால் இது மாறுமா? உரிமம் மட்டும் போதாது என்பதுதான் என் பதில். கையில் அட்டை வைத்திருக்கும் கான்ட்ராக்டரும் வீட்டுக்காரர் கேட்டால் அடித்தளம் போடாமல்தான் கட்டுவார். அமெரிக்காவில் ஃப்ளோரிடா, வட கரோலினா போன்ற மாநிலங்களில் செப்டிக் டேங்க் அமைப்பவருக்கு அனுபவமும் தேர்வும் வேண்டும், அரசிடம் பதிவும் வேண்டும். அது ஒரு பாதிதான். அங்கே உண்மையில் வேலை செய்வது இன்னொரு விதி: ஆய்வாளர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மேலே மண் தள்ளக் கூடாது. மண் மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது. அதனால் மூடும் முன் ஒரு நிறுத்தம். இங்கேயும் முதலில் வர வேண்டியது இந்த நிறுத்தம்தான், உரிமம் அதன் பிறகு.

ஒவ்வொரு தொட்டிக்கும் ஆய்வாளரை அனுப்ப நகராட்சியிடம் ஆள் எங்கே என்று கேட்பீர்கள். இல்லைதான். அதனால் எளிமையாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். தொட்டி கட்டி முடிந்ததும் அடித்தளம், தடுப்புச் சுவர், நீர் உள்ளே வரும், வெளியே போகும் இரண்டு பக்கமும் ‘T’ வடிவக் குழாய், மூடி வரும் இடம், இவை தெரிகிற மாதிரி இடக்குறியீட்டோடு படம் எடுக்க வேண்டும். தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டு, தொடக்க மட்டத்தையும் மறுநாள் மட்டத்தையும் படமெடுக்க வேண்டும். கட்டியவரின் பெயரோடும் பதிவு எண்ணோடும் இதை இணையத்தில் ஏற்றினால்தான் சொத்து வரி விதிப்பு எண் கிடைக்கும் என்று வைக்கலாம். நிறைவுச் சான்றிதழ் இல்லாத வீட்டுக்கும் வரி விதிப்பு உண்டு, வீட்டுக்காரர் அதற்குத் தானாக வந்து நிற்பார். பத்தில் ஒன்றை நேரில் போய்ப் பார்த்தாலே போதும். எந்தப் பத்தில் ஒன்று என்று முன்கூட்டித் தெரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் கட்டியவரின் பெயர் தொட்டியோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று வருஷம் கழித்து லாரிக்காரர் மூடியைத் திறக்கும்போது உள்ளே தண்ணீரே நிற்கவில்லை என்றால் அது யார் கட்டியது என்று தெரியும். அட்டையைவிட இந்தப் பதிவைத்தான் நான் நம்புவேன்.

கொத்தனார்கள் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் படித்துவிட்டு வந்தவர்கள் அல்ல, இன்னொரு மேஸ்திரியிடம் கையாளாக நின்று கற்றவர்கள். ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என்று ஆரம்பித்தால் என்ன நடக்கும்? உரிமத்தை ஒரு இன்ஜினியர் வாங்கி வைத்துக்கொள்வார், அதே மேஸ்திரி பாதிக் கூலிக்கு அதே வேலையைச் செய்வார். திருச்சியிலும் கோவையை ஒட்டிய பேரூராட்சிகளிலும் தமிழ்நாடு நகர்ப்புறத் துப்புரவு ஆதரவுத் திட்டத்தில் கொத்தனார்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அதுதான் சரியான தொடக்கம். ஓரிரு நாள் பயிற்சி, தமிழில் வாய்மொழித் தேர்வு, கண் முன்னால் ஒரு தொட்டிக்கு அளவு போட்டுக் காட்டச் சொல்வது, இலவசப் பதிவு. இப்போதே தொழிலில் இருப்பவர்களுக்கு இரண்டு வருஷ அவகாசம். அட்டையில் அவர் பெயர்தான் இருக்க வேண்டும்.

எவ்வளவு நல்ல கான்ட்ராக்டராலும் முடியாத ஒன்றும் இருக்கிறது. செப்டிக் டேங்க் பாதி வேலைதான் செய்கிறது. திடப்பொருளைப் படிய வைக்கும், கொஞ்சம் சிதைக்கும். வெளியே வரும் நீரில் நோய்க்கிருமிகள் அப்படியே இருக்கும். அதை மண்ணுக்குள் இறங்கவிடும் உறிஞ்சுகுழியில் விட வேண்டும். அந்தக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், கிட்டத்தட்ட 60 அடி இடைவெளி வேண்டும் என்பது தரநிர்ணயம். இப்போது உங்கள் மனையை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பதுக்கு நாற்பது, 1,200 சதுர அடி மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கே 50 அடிதான். உங்கள் போருக்கும் உங்கள் குழிக்குமே இடைவெளி கிடைக்காது, இடது வீட்டு போர், வலது வீட்டு போர் எல்லாம் அப்புறம். அந்த மனையில் விதிப்படி கட்டு என்று மேஸ்திரியை மிரட்டுவது நியாயமில்லை. குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் இல்லாமல் நூறு மனையை வெட்டி விற்க அனுமதித்த இடத்திலேயே அந்தத் தப்பு நடந்துவிட்டது. லேஅவுட் போடும்போதே தொட்டிகளின் வெளிநீரை மட்டும் சிறு குழாயில் சேர்த்து ஒரு மூலையில் சுத்திகரிக்க இடம் ஒதுக்கச் சொல்ல வேண்டும். இதற்குக் கட்டுப்படுத்த வேண்டியது ரியல் எஸ்டேட் தொழிலை, கொத்தனாரை அல்ல.

நிலம் தாராளமாக உள்ள கிராமத்தில் செப்டிக் டேங்க்கே வேண்டியதில்லை. ஆழம் குறைந்த இரட்டைக் குழிக் கழிப்பறை போதும். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு மாற்றி, முதலாவதை ஓரிரு வருஷம் மூடி வைத்தால் உள்ளே இருப்பது உரமாகிவிடும், லாரியே தேவைப்படாது. ஆனால் இருபது அடிக்கு ஒரே குழியாக உறை இறக்கிவிட்டு அதையும் அரசுத் திட்டக் கணக்கில் காட்டுவது நடக்கிறது. நிலத்தடி நீரைத் தொடும் உறைக் குழி எந்தக் கணக்கிலும் கழிப்பறை ஆகாது.

இப்போது லாரிக்கு வருகிறேன். இதில் ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். லாரிக்காரருக்குக் காசு கிடைப்பது வீட்டு வாசலில். கொட்டும் இடத்தில் கிடைப்பது செலவு மட்டும்தான்: டீசல், வரிசையில் நிற்கும் நேரம், சில இடங்களில் கட்டணம். சுத்திகரிப்பு நிலையம் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர அறுபது. அதற்குள் அடுத்த லோடு போய்விடும். ஏரிக்கரை ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. எல்லா ஓட்டுநரும் கொட்டுகிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒழுங்காக இருப்பவர் நஷ்டப்படுகிற மாதிரி நாம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்.

எனவே உரிமம் கேட்கும் முன் கொட்ட இடம் கொடுக்க வேண்டும். திருச்சியில் இதைச் சரியாகச் செய்தார்கள். ஊருக்குள் இருக்கும் கழிவுநீர் உந்து நிலையங்களிலேயே தனியார் லாரிகள் இறக்கிவிடலாம், அங்கிருந்து குழாய் வழியாகப் பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். சாக்கடை இல்லாத சிற்றூருக்கு வழிகாட்டியது கருங்குழி. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் பேரூராட்சியில் 2017இல் மலக்கசடுக்கென்றே தனிச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது, தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. அதன் பிறகு பல ஊர்களில் வந்திருக்கின்றன. லாரிகளில் ஜிபிஎஸ் பொருத்தச் சொல்வதும் நல்லதுதான், யாராவது தினமும் அந்தத் திரையைப் பார்த்தால். எத்தனை வீட்டில் எடுத்தார், எத்தனை லோடு நிலையத்தில் இறக்கினார் என்று இரண்டையும் ஒட்டிப் பார்ப்பதற்கு வீட்டு வாசலில் ஒரு ரசீது, நிலையத்தில் ஒரு ரசீது போதும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். மகாராஷ்டிரத்தில் வாய் என்ற சிறு நகரம் 2018 முதல் வீட்டுக்காரர் கூப்பிடும்வரை காத்திருப்பதில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தெருத் தெருவாக முறை வைத்து எடுக்கிறார்கள். வீட்டுக்காரர் லாரிக்குக் காசு கொடுப்பதில்லை, துப்புரவு வரியாகக் கட்டுகிறார். வேலை எடுத்திருக்கும் ஒப்பந்ததாரருக்குச் செய்த வேலையைப் பார்த்து நகராட்சி பணம் கொடுக்கிறது. இப்படிச் செய்தால் லாரிக்காரரின் கணக்கு தலைகீழாகிவிடும்: கசடு நிலையத்துக்கு வந்தால்தான் காசு. மூன்று வருஷத்தில் கசடு இறுகுவதில்லை, குழாயே இழுத்துவிடும். ஆள் இறங்க வேண்டிய காரணமே போய்விடுகிறது.

"கட்டாயப்படுத்தாதீர்கள், மக்களுக்கே தெரியும்" என்பவர்களுக்கு மலேசியாவைக் காட்டுவேன். அங்கே இண்டா வாட்டர் நிறுவனம் முறை வைத்து வீடுகளில் கசடு எடுத்துவந்தது. 2008இல் புதிய நீர்ச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, எடுக்க வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஆனது. கூப்பிடுபவர்கள் குறைந்துபோனார்கள். கடைசியில் 2021 முதல் 2 ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் என்று மறுபடி விதி கொண்டுவர வேண்டியிருந்தது. நம்மைவிட நிர்வாகத்தில் இறுக்கமான நாட்டிலேயே இதுதான் கதை.

முறை வைத்து எடுக்கும் ஒப்பந்தத்தை ஒரே பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றிரண்டு லாரியைக் கடன் வாங்கி ஓட்டும் சிறு முதலாளிகள்தான் சாக்கடை போகாத ஊர்களை இத்தனை வருஷமும் தாங்கியிருக்கிறார்கள். அவர்களைச் சங்கமாகச் சேர்த்துப் பகுதி பிரித்துக் கொடுக்கலாம். தொழிலாளர் பெயர் உரிமத்தில் இருக்க வேண்டும், காப்பீடு இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் இவர்களைப் பதிவு செய்து பாதுகாப்பு உபகரணமும் மருத்துவக் காப்பீடும் கொடுக்க வழி இருக்கிறது. உரிமம் புதுப்பிக்கும்போது அந்தப் பதிவைக் காட்டச் சொன்னால் இரண்டும் ஒன்றாக நடக்கும்.

கான்ட்ராக்டர்களில் புதிதாக ஒரு வகையும் வந்திருக்கிறார்கள், "பயோ டேங்க்" விற்பவர்கள். பிளாஸ்டிக்கிலோ கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக்கிலோ (எஃப்.ஆர்.பி.) ஆயத்தத் தொட்டி, உள்ளே பாக்டீரியா, "வாழ்நாள் முழுவதும் சுத்தம் செய்யவே வேண்டாம்" என்று உத்தரவாதம். ஆயத்தத் தொட்டியில் ஒரு நன்மை உண்டு, ஒழுகாது. ஆனால் கசடே சேராத தொட்டி கிடையாது. பாக்டீரியா மலத்திலேயே வேண்டிய அளவு இருக்கிறது. வெளியிலிருந்து பொடி போடுவதால் கசடு எடுக்கும் வேலை இல்லாமல் போகாது. தவறான விளம்பரத்தைத் தடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. "சுத்தம் செய்யவே வேண்டாம்" என்ற ஒரு வரியை விளம்பரத்தில் தடை செய்தாலே பாதிப் பொய் அடங்கும்.

உங்கள் வீட்டு வேலை நடந்துகொண்டிருப்பதால், விதி வரும்வரை நீங்களே செய்யக்கூடியது. கான்ட்ராக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: அளவு, அடியில் காங்கிரீட், உள்பக்கம் முழுக்கச் சிமென்ட் பூச்சு, மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் தடுப்புச் சுவர், ஒவ்வொரு அறைக்கும் தூக்கக்கூடிய மூடி, கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர் உயரம் போகும் காற்றுக் குழாய். தெருவில் லாரி நிற்கும் இடத்திலிருந்து குழாய் எட்டுமா என்று பார்த்து இடம் வையுங்கள். போர்ட்டிகோவுக்கு அடியில் வைத்தாலும் மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். தொட்டியின் வெளிநீரைத் தெருவின் மழைநீர்க் கால்வாயில் விடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசித் தவணைப் பணத்தை ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகு கொடுப்பதாகவும் அந்தத் தாளில் எழுதுங்கள். அவர் முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். கையில் அந்தத் தாள் இருந்தால், பின்னால் ஒழுகினாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், காசு வாங்கிச் செய்த வேலையில் குறைபாடு என்றுதான் அதைப் பார்ப்பார்கள்.

குடியேறிய பிறகு வருஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, நின்ற இடத்திலிருந்தே ஒரு நீளக் கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கிப் பாருங்கள். கறுப்பாகக் கசடு ஒட்டிய உயரம் நீர் ஆழத்தில் பாதியைத் தொட்டால் லாரி கூப்பிடும் நேரம். உரிம எண் கேளுங்கள், 14420 என்ற உதவி எண்ணிலும் கூப்பிடலாம். எங்கே கொட்டப் போகிறீர்கள் என்று கேட்டு, இறக்கிய ரசீதின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். கொஞ்சம் கசடு அடியில் மிச்சம் இருக்கிறது, ஆளை இறக்கி வாரித் தருகிறோம் என்றால், வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள். அந்த மிச்சம் தொட்டிக்கு நல்லதுதான், அடுத்த சுற்றுக்கு அதிலிருந்தே பாக்டீரியா பெருகும்.